கப்பல் தெரியாத நாலு நாள்

ரஹீமுன்னிசா லேப்டாப்பைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்து, தமீமின் ஜெராக்ஸ் கடை மேசைமேல் வைத்தாள்.

"நாலு நாளா மேப்பு வர்ல தமீமு. வெறும் வெள்ளையா நிக்குது. எம்புள்ள கப்பலு எங்க கீதுன்னே தெர்ல."

மகன் ஒவைஸ் நிலக்கரிக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது.

எந்தக் கப்பல் இந்த நிமிஷம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காட்டும் ஒரு வலைத்தளம் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் அவன்தான் அதை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான்.

அன்றிலிருந்து விடியற்காலை பஜ்ரு தொழுததும், டீ டம்ளரும் கையுமாக அதன்முன் உட்கார்ந்துவிடுவாள். நீலத்துக்கு நடுவே அரிசி மணி அளவுக்கு ஒரு புள்ளி. அதைப் பார்த்த பிறகுதான் டீ தொண்டையில் இறங்கும். மலாக்கா, டர்பன், மொசாம்பிக் எல்லாம் அவளுக்கு வீட்டுப் பக்கத்துக் கல்மண்டபத்துக்கு அடுத்த தெருக்கள் மாதிரி ஆகிவிட்டிருந்தன.

நாலு நாளைக்கு முன்னால் அந்தப் புள்ளி காணாமல் போனது. புள்ளி மட்டுமில்லை, கடலே காணாமல் போனது.

"சிக்னல் இருக்காதும்மா, பத்து நாள் கழிச்சுப் பேசறேன்" என்று ஒவைஸ் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டதோடு சரி. டிவியில் வேறு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மகள் உஸ்மாவைக் கேட்டால், புது செக்யூரிட்டி செட்டிங், அதுதான் மேப்பைத் தடுக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்கிறாள். கணவர் சௌக்கத் அலி தினமும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று கப்பலைப் பார்ப்பவர். அவர்கூட இன்று காலை அந்தப் பக்கம் வரவில்லை. கப்பல் எங்கே போய்விடும், கடலில்தானே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அவளால் அப்படி இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் வெளியே போன நேரம் பார்த்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தமீம் லேப்டாப்பைத் திறந்தான். தேடவில்லை, யோசிக்கவில்லை. வலைத்தள முகவரியின் ஓரத்தில் இருந்த குட்டிப் படத்தை அமுக்கினான். ஏதோ ஒரு பட்டியல் திறந்தது. அதில் நேராக ஒரு வரியில் விரலை வைத்தான்.

"மத்த சைட்டெல்லாம் சோக்கா ஓடுது சாச்சி. இது ஒண்ண மட்டும் ஓடக் கூடாதுன்னு யாரோ போட்டு வெச்சிகிறாங்க. இது தானா ஆவாது."

இந்த லேப்டாப்பைத் தொடுகிற கை, அவள் கையை விட்டால் உஸ்மாவின் கைதான்.

'தடு' என்று இருந்ததைத் தமீம் 'அனுமதி' என்று மாற்றினான்.

வெள்ளைத் திரை ஒரு தரம் துடித்தது. முதலில் நீலம் வந்தது. பிறகு கரை வந்தது. பிறகு எறும்பு மொய்த்த மாதிரி கப்பல்கள்.

கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினாள். கடைசியாகப் பார்த்த இடத்தில், இலங்கைக்குக் கீழே, இல்லை. மலாக்கா பக்கமும் இல்லை.

தமீம் மேப்பை இழுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தான்.

எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே, நங்கூரம் போட்டு, உள்ளே வர முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது கப்பல். ஆட்டோ பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் அந்தக் கரைக்குப் போய்விடலாம்.

பெயரை எழுத்து எழுத்தாக மூன்று தரம் படித்தாள். அப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உஸ்மா ஏன் தடுத்தாள் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. போன வாரம்தான் அண்ணன் அறைக்குப் புதுத் திரைச்சீலை மாட்டினாள். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றாள். அண்ணனும் தங்கையும் கூட்டுச் சேர்ந்து, அவன் சொல்லாமல் வீட்டு வாசலில் வந்து நின்று அம்மாவைத் திகைக்கவைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். எண்ணூரில் பத்து நாளைக்குச் சிக்னல் இல்லையாமே.

கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் உதட்டோரம் சிரிப்பு வந்து நின்றது.

"பழையபடியே தடுத்து வெச்சிடு நைனா."

ஏன் என்று தமீம் கேட்கவில்லை. மாற்றிவிட்டு, லேப்டாப்பை மூடிக் கொடுத்தான். காசு வேண்டாம் என்றான்.

மாலையில் வேண்டுமென்றே எல்லோர் முன்னாலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னும் வெள்ளையாகவே நிற்கிறது என்று புலம்பினாள். நடுவில் ஒரு பெருமூச்சும் விட்டாள். அது அவளே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக அமைந்தது.

கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உஸ்மா தலையை நிமிர்த்தவில்லை.

"வியாழக்கெழம சரியாய்டும்மா," என்றாள். பிறகு அவசரமாக, "ஒரு குத்துமதிப்பா சொன்னேன்."

ரஹீமுன்னிசா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

பின்னாலேயே வந்த சௌக்கத் அலி அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். கையை நீட்டிக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"மெதுவா சிரி. கொழந்த பாவம், நாலு நாளா கஷ்டப்பட்டு மறைச்சிகினு கீது," என்றார் காதோரமாக. "நேத்து நானும் தமீம் கடைக்குப் போய்ட்டுத்தான் வந்தேன்."