மட்ச் பார்க்க ஒரு மீன் ரின்

“மட்ச் பார்க்க வாறவனிட்ட மீன் ரின் கேக்கிற கடையை உலகத்தில எங்கயாவது கண்டிருக்கிறியளா?”

ஜக்சன் இதைக் கடைக்குள் நின்றே கேட்டான். அவனுக்குப் பின்னால் ஆறு பேர். ஏழு பேரில் ஒருவரும் ரின் கொண்டுவரவில்லை.

மீன்பிடித் துறைமுகத்துக்கு முன்னால் இருக்கிறது றோஸ் அக்காவின் தேத்தண்ணிக் கடை. சனிக்கிழமைகளில் அங்கே டிவியில் இங்கிலாந்து புட்போல் ஓடும். அன்றைக்கு உள்ளே இருக்க வேண்டுமென்றால் ஆளுக்குத் தகரத்தில் அடைத்த மீன் ரின் ஒன்று, இல்லாவிட்டால் ஒரு பொதி பருப்பு. மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தார்.

அன்று வென்றால் லண்டன் கிளப் ஒன்றுக்குக் கிண்ணம். ஜக்சன் அந்தக் கிளப்பின் ஆள். படகு எஞ்சின் திருத்துகிறவன்; வேலை முடிந்து நேரே வந்து, ஸ்பனர் போட்டிருந்த பையை மேசையில் வைத்தான். இன்றிலிருந்து ரின் கிடையாது, மறுத்தால் எல்லாரும் எதிரில் இருக்கிற சலூனுக்குப் போய்விடுவோம், இனி ஒரு சனிக்கிழமையும் இந்தப் பக்கம் வரமாட்டோம் என்றான்.

றோஸ் அக்கா ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“இது நான் கண்டுபிடிச்ச பழக்கமில்லை, தம்பி. மகன் இருக்கிற ஊரில உள்ளது.”

சுவரில் மகன் டிலுக்ஷனின் படம் இருந்தது. கழுத்தில் ஊதாவும் வெள்ளையுமாக அந்த ஊர்க் கிளப்பின் கம்பளிச் சால்வை. வட இங்கிலாந்தில், பெயர் சொன்னாலும் இங்கே ஒருவருக்கும் தெரியாத ஊர். கிளப் நாலாம் டிவிஷன். வென்றதை விடத் தோற்றதுதான் கூட. றோஸ் அக்கா ஒவ்வொரு கிழமையும் யாருடைய போனிலாவது அதன் முடிவைப் பார்க்கச் சொல்லிக் கேட்பார். கடைக்கு வருகிறவர்களுக்கு அது நல்ல பகிடி.

“தோக்கிறதுக்கெண்டே வைச்சிருக்கிற கிளப்,” என்றான் ஜக்சன்.

“காசெல்லாம் லண்டன் பக்கம்,” என்றார் றோஸ் அக்கா. “ அங்க மில் பூட்டி முப்பது வருசமாம். நல்லா விளையாடுற ஒருத்தன் தலைகாட்டினால், அடுத்த வருசம் லண்டன்காரன் வாங்கிக்கொண்டு போயிடுவான்.”

“எங்கட றால் மாதிரி,” என்றார் மூலையில் இருந்த மீன் வியாபாரி சரீப் நானா. “நல்லதெல்லாம் கொழும்பு லொறியில ஏறிடும்.”

மட்ச் நாளில் அந்தக் கிளப் வாசலில் ஒரு பெரிய பெட்டி வைப்பார்களாம். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ரின் அதில் போட்டுவிட்டு உள்ளே போவார்களாம். ஊரில் சமைக்க ஒன்றுமில்லாத வீடுகளுக்கு.

ஜக்சன் சிரித்தான். “இங்கிலாந்தில சாப்பாடில்லாத ஆக்களோ? நல்ல கதை. உங்கட மகனும் போய் ரின் போடுறவராக்கும்.”

“இப்ப போடுறான். முதல் வருசம் எடுக்கப் போனவன்.”



அகதி அந்தஸ்துக் கேட்டுப் போனவர்களை வாடகை குறைந்த அப்படியான ஊர்களுக்குத்தான் அனுப்புகிறார்கள் என்று றோஸ் அக்கா சொன்னார். வேலை செய்ய அனுமதி இல்லை. குளிருக்குச் சரியான சப்பாத்தும் இல்லாமல் அவன் அந்த வாசலில் போய் நின்றபோது, ஆர், எந்த நாடு என்று ஒரு கேள்வி இல்லாமல் ஒரு பையைத் தூக்கிக் கொடுத்தார்களாம்.

“அண்டைக்கும் அந்தக் கிளப் நாலு கோலால தோத்ததாம். பெட்டி நிரம்பித்தான் கிடந்ததாம்.”

பின்னால் நின்ற இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள். ஜக்சனுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

“அது அந்த ஊர்க் கதை. எங்கட ரின் எங்க போகுது? நாளைக்கு எங்களுக்கே கறியாக்கி விக்கிறியளோ, ஆர் கண்டது?”

“தேவைப்பட்ட வீடுகளுக்குப் போகுது.”

“ஆரின்ர வீட்டுக்கு?”

“அதைச் சொல்ல ஏலாது.”

“அப்ப ரின் வைக்கிற அலுமாரியைத் திறந்து காட்டுங்கோ.”

றோஸ் அக்கா எழுந்து போய் அலுமாரிக்கு முன்னால் நின்றார். முகம் மாறிவிட்டது. “வேண்டாம், தம்பி. நீங்க திறக்காதீங்க.”

கள்ளம் பிடிபட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஜக்சன் பக்கவாட்டில் கையை நீட்டி, ஒரு கதவை மட்டும் இழுத்து, உள்ளே தலையை விட்டான்.

மேல் தட்டில் மீன் ரின்களும் பருப்பும். கீழ்த் தட்டில் மடித்து வைத்த வெறும் பைகள். அரிசிச் சாக்கில் தைத்தவை. பிடிகள் ஊதாவும் வெள்ளையும்.

போன கார்த்திகையில் கடல் கொந்தளித்து, படகுகள் கரையில் கிடந்தன. மூன்று கிழமையாக ஜக்சனுக்கு ஒரு எஞ்சினும் திருத்த வரவில்லை. ஒரு நாள் விடிய, கதவைத் திறந்தால் வாசலில் சாப்பாட்டுச் சாமான் நிறைந்த இதே மாதிரிப் பை ஒன்று இருந்தது. சேர்ச்சிலிருந்து வந்திருக்கும் என்று மனைவி றஜிதா சொன்னாள். அன்று மத்தியானம் பிள்ளைகள் இரண்டாம் தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டார்கள்.

“என்னடாப்பா கிடக்கு உள்ள?” என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

ஜக்சன் கதவை மெல்லச் சாத்தினான்.

“ரின்தான். எல்லாம் அப்பிடியே கிடக்கு. வாங்கடா, மட்ச் துவங்க முதல் போய் வாங்கிக்கொண்டு வருவம்.”

போகிற போக்கில் மேசையிலிருந்த ஸ்பனர் பையை எடுக்கக் கையை நீட்டினான். அதன் பிடியும் ஊதாவும் வெள்ளையும்தான். ஐந்து மாதமாக, அந்தப் பையைச் சற்றே நகர்த்திவிட்டுத்தான் றோஸ் அக்கா அவனுக்குத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.