இருநூற்றுப் பதினான்காவது இணைப்பு

உறையின் மேல் 214 என்று எழுதியிருந்தது.

உள்ளே இருந்த எக்ஸ்ரே படத்தின் ஓரத்தில் 213.

அவள் 213-இன் உறையையும் பிரித்தாள். அதிலும் 213.

அப்படியானால் 214-இன் படத்தை யாருமே பார்க்கவில்லை.

பதிவேட்டில் 214-க்கு நேரே அவளுடைய கையெழுத்து இருந்தது. மார்ச் ஒன்பது. மகள் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்த நாள். மிச்சமிருந்த மூன்று உறைகளைப் பிரிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் பார்த்துவிடலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

பார்த்தது நினைவில்லை.

நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்க்கும் அரசு அலுவலகத்தில் அவள் தரப் பரிசோதகர். வெல்டர் பற்றவைப்பார். படம் எடுப்பார்கள். அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த இணைப்பு கடலுக்குள் போகலாம்.

காலையில் கப்பல் புறப்பட்டபோது கையசைத்தவர்களில் அவளும் ஒருத்தி. திரும்பி நடக்கும்போதுதான் அந்த மூன்று உறைகள் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவது இது.

214 இருப்பது கடல்நீர் உள்ளே வரும் குழாயில். அடியாழத்தில் ஒரு மயிரிழைக் கீறல் போதும்.

மணி ஒன்பதே முக்கால். பதினொன்றுக்குக் கப்பல் முதல்முறையாக முழு ஆழத்துக்கு இறங்கும். உள்ளே நாற்பத்தோரு பேர்.

இயக்குநருக்குப் போன் செய்தாள்.

"உங்க கையெழுத்து இருக்கேம்மா?" என்றார் அவர்.

"பாக்காம போட்டுட்டேன் சார்."



"இதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"இப்பவே எழுதறேன் சார்."

எழுதினாள். கையெழுத்து யாருடையதோ போல இருந்தது.

பத்து நாற்பதுக்குக் கப்பலைத் திரும்ப அழைத்தார்கள்.

214-ஐப் பற்றவைத்தவர் தொம்மை. தூத்துக்குடிக்காரர். இருபத்தெட்டு வருடத்தில் அவர் வேலை ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. தொம்மையின் கையை நம்பாமல் கப்பலையே திருப்பிவிட்டாள் என்று பட்டறை முழுக்கப் பேச்சு. தினமும் வணக்கம் சொல்கிறவர், அவளைக் கண்டதும் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

குழாயிலிருந்த நீரை வடித்து, மேலுறையைக் கழற்றி, இணைப்பை எட்டுவதற்கு நான்கு நாள் ஆயிற்று.

நான்காம் நாள் பிற்பகல் படம் எடுத்தார்கள். ஈரம் காய்ந்தும் காயாததுமாக அவளே அதை வாங்கிவந்து ஒளிப்பெட்டியின் மேல் வைத்தாள்.

பூதக்கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம்.

மறுபடியும்.

மூன்றாம் முறை.

ஒரு கீறல் இல்லை. ஒரு புள்ளி இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாளைக் காலை கப்பல் முழு ஆழத்துக்கு இறங்கும். இறங்கட்டும். மேசையில் குறிப்பாணை கிடந்தது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். பதவி உயர்வு போகும். போகட்டும்.

திடீரென்று பசித்தது. நான்கு நாளில் முதல்முறையாக.

டப்பாவைத் திறந்தாள். காலையில் கட்டிய புளிச்சோறு. ஸ்பூனைத் தேடப் பொறுமையில்லாமல் கையாலேயே அள்ளிச் சாப்பிட்டாள்.

வாசலில் தொம்மை நின்றிருந்தார்.

அவள் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

"சுத்தமா இருக்குண்ணே. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது."

"இருக்கும்னு எனக்குத் தெரியும்லா மேடம்," என்றார். "நம்ம கை நமக்குத் தெரியாதா?"

அவள் படத்தை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

பிறகு வாங்கிக்கொண்டார்.

ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஓரத்திலிருந்து ஓரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தாள் போன்ற அந்தப் படம் அவர் விரல்களுக்கிடையில் ஆடிக்கொண்டே இருந்தது.



அவர் மூச்சை விட்டது அறை முழுக்கக் கேட்டது.

படத்தைப் பத்திரமாக மேசையில் வைத்தார். எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சற்று நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ஒரு வாய் இருக்குமாம்மா?"