இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள்

“அந்த டாக்டரம்மா எங்கம்மாவைத் தொட வேண்டாம் சார். நீங்களே பண்ணிடுங்க.”

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவன் கையில் சம்மதப் படிவம். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

அவன் அம்மாவுக்கு மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் சின்ன வீக்கம். தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அதுவரை போய் வீக்கத்தை அடைக்க வேண்டும். மறுநாள் காலை சிகிச்சை. கம்பியை நகர்த்தப்போவது இளம் டாக்டரம்மா. பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்பார்.

“ஏன், அவங்களைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலை. என் மெஷினே சொல்லுது.”

டாக்டர்கள் கை பழகுவதற்காக அந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பயிற்சி மெஷினுக்கு மென்பொருள் எழுதியவன் அவன்தான். கம்பியைப் பிடித்துத் தள்ளினால், திரையில் குழாய்க்குள் ஒரு கம்பி வளைந்து நெளிந்து போகும். யார் எத்தனை தடவை குழாயைக் குத்தி ஓட்டை போட்டார்கள் என்ற கணக்கும் அதில் ஏறிவிடும்.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். “இந்த மாசம் மட்டும் இருநூத்திப் பன்னெண்டு தடவை குத்தியிருக்காங்க.”

“எனக்கு எத்தனை?”

“சைபர் சார்.”

“நான் அந்த ரூம் பக்கமே போகலையே தம்பி.”

அவன் சிரிக்கவில்லை. “சார், அது நிஜக் கம்பி மாதிரி அப்படியே நடந்துக்காது. கை அசையற வேகத்துக்குத் திரையும் அசையணுமே. அதனால கம்பியைக் குட்டிக் குட்டித் துண்டாக்கி, நடுவுல ஸ்பிரிங் வச்ச மாதிரி சுலபமாக் கணக்குப் போட்டிருக்கேன். நிஜம் இதைவிடக் கஷ்டம். சுலபமானதுலயே இத்தனை ஓட்டைன்னா, எங்கம்மா தலைக்குள்ள…”

பெரிய டாக்டர் லேப்டாப் திரையை விரலால் காட்டினார்.

“மொத்தத்தை மட்டும் பார்த்தீங்களா, உள்ளே பிரிச்சுப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. இப்போது பிரித்தான்.

முதல் வாரம் வரிசையாகச் சிவப்பு ஓட்டைகள். மூன்றாவது வாரம் அங்கொன்றும் இங்கொன்றும். கடைசி நாற்பது முயற்சிகளில் ஒன்றுகூட இல்லை.

“குழாய்ச் சுவர் பலம்னு ஒரு கட்டம் வச்சிருக்கீங்களே, அதுல என்ன இருக்கு?”

“ஐம்பது சதவீதம்.” அவன் நெற்றி சுருங்கியது. “நான் நூறுலதானே வச்சுட்டுப் போனேன்?”

“அந்தப் பொண்ணுதான் பாதியாக் குறைச்சது. வயசானவங்க குழாய் ரொம்ப மெல்லிசா இருக்கும், உங்க கணக்கை மட்டும் நம்பி இறங்க முடியாதுன்னு சொல்லுச்சு. நிஜம் கஷ்டம்னு அதுக்கும் தெரியும் தம்பி.”

அவன் கட்டங்களை நகர்த்திக்கொண்டே போனான். கேஸ் எண் என்ற கட்டத்தில் விரல் நின்றது. மெஷினில் முப்பது பேருடைய ஸ்கேன்கள் இருந்தன. அவள் ஒன்றையே திரும்பத் திரும்ப எடுத்திருந்தாள்.

“இது யாரோட ஸ்கேன் சார்?”

பெரிய டாக்டர் மேஜைமேலிருந்த ஃபைலை அவன் பக்கம் தள்ளினார். அட்டையில் அதே எண். அதன் கீழே அவன் அம்மாவின் பெயர்.