புகைக்குழாய்

அனல்மின் நிலையத்தின் பின்தெருவில் குடியிருக்கும் சொர்ணம், வழக்கம்போல ஈரத்துணியால் ஜன்னலை அடைத்திருந்தாள். அப்படியும் மகளுக்கு மூச்சிழுப்பு நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த தம்பி மருதன், தன் புது மின்சாரக் காரின் வயரை வாசல் பிளக்கில் மாட்டியிருந்தான்.

"வந்ததுல சார்ஜ் இறங்கிடுச்சுக்கா. அரை மணி பொறு. பாப்பாவுக்காகத்தான் பெட்ரோல் காரையே வித்தேன். இதுல புகைக்குழாயே கிடையாது."

சொர்ணம் காரின் வெள்ளைக் கூரையில் விரலை இழுத்தாள். விரல் சாம்பலாகி வந்தது.

"இருக்குதுடா," என்றாள், தெருக்கோடியில் வானத்தைத் தொட்டு நின்ற புகைபோக்கியைப் பார்த்தபடி.

மருதனின் கை தானாக வயரைப் பிடுங்கப் பிளக்குக்குப் போயிற்று.

"மாமா, கிளம்பலாமா?" உள்ளேயிருந்து மகளின் குரல் விட்டுவிட்டு வந்தது.

அவன் கையை எடுத்துக்கொண்டான். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கூரையில் சொர்ணம் இழுத்த கோடு புதுச் சாம்பல் படிந்து மெல்ல மறைந்துகொண்டிருந்தது.