அன்னம்மா எழும்பினாளோ?

"லியோன் அண்ணை, சூட்கேஸ் அடுக்கியாச்சோ?"

வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிக் கேட்டாள் அடுத்த வீட்டு ஜசிந்தா.

லியோன் திரும்பிப் பார்க்கவில்லை. கார்த்திகை மழையில் தான் நனைந்துகொண்டு ஒரு பூச்சாடிக்குக் குடை பிடித்தபடி குந்தியிருந்தார். நாற்பது வருடம் கடலோடு மல்லுக்கட்டிய மனுசன், எழுபத்திரண்டு வயதில் இப்படி இருந்தால் ஊர்காவற்றுறை சிரிக்காமல் என்ன செய்யும்?

"நீர் உம்மட வேலையைப் பாரும். அது நித்திரை கொள்ளுது."

"அன்னம்மா இன்னும் எழும்பேல்லையோ?"

"அன்னம்மா இல்லையப்பா, அனிமோனி!"

"என்ர வாய்க்கு அன்னம்மாதான் வருது. குடையை அவளுக்குப் பிடிச்சுப்போட்டு நீங்கள் தடிமன் காய்ச்சலோட கிடவுங்கோ."

இந்த அன்னம்மா பிரான்சுக்காரி. இரண்டு வருடத்துக்கு முன் மகன் றஜீபன் அங்கிருந்து வந்தபோது இந்தப் பூச்செடியைக் கிழங்காகக் கொண்டுவந்தான். பார்த்தால் ஆட்டுப் புழுக்கைதான். ஒருமுறை நட்டால் காய்ந்து போனாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும், வருடா வருடம் தானாக முளைக்கும் என்றான். அடுத்த தையில் சிவப்பாக ஒரு பூ பூத்தது. உடனே லியோனுக்கு வாய் நீண்டுவிட்டது.

"உங்கட குளிர்நாட்டுப் பூவே இஞ்ச வந்து சீவிக்குது. நான் ஏனடா அங்க வந்து நடுங்கவேணும்?"

தாய் மாக்கிறேற் செத்த நாளிலிருந்து தகப்பனைப் பிரான்சுக்குக் கூப்பிட்டுக் களைத்திருந்த றஜீபன் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு தையிலும் அது திரும்பப் பூத்தால் அப்பா ஊரிலேயே இருக்கலாம். ஒரு வருடம் பிசகினாலும் பெட்டி கட்ட வேண்டும். இவரும் சும்மா இருக்காமல் மாதாவுக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டார். போன வருடம் ஒருமாதிரித் தப்பினார். இந்த வருடம் மழை ஓயவே இல்லை.

"ஜசிந்தா, பகிடியை விடும்." லியோன் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். "இது வராட்டில் நான் போகத்தான் வேணும். மாக்கிறேற்ர கல்லறையில ஆர் மெழுகுதிரி கொளுத்துறது?"

ஜசிந்தாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"அவள் வராமல் எங்க போவாள்? முதல்ல நீங்கள் போய்த் தலையைத் துடையுங்கோ" என்று அதட்டிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் காலை லியோன் போட்ட சத்தத்தில் ஜசிந்தாவின் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. சாடியில் மல்லி இலை மாதிரி இரண்டு பச்சை இலைகள்.

தை கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்தால் பூ விரிந்திருந்தது. போட்டிருந்த வெள்ளைச் சேட்டோடேயே நிலத்தில் குந்தியிருந்து மகனுக்கு வீடியோக் கோல் எடுத்தார்.

"டேய், வடிவாப் பார்!"

"அப்பா, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கோ. ஒரே சிவப்பாத்தான் தெரியுது... பிளாஸ்ரிக் பூவைக் குத்தி வைக்கேல்லைத்தானே?"

"வந்து கிள்ளிப் பாரடா!"

"சரி, சரி. வெண்டிட்டியள். ஆனா வாற தையில உங்களைத் தூக்காமல் விடமாட்டன்."

"பாப்பமடா!"

லியோன் படலையைத் திறந்துவிட்டுத் தெருவில் இறங்கினார். எதிர்ப்பட்ட முதல் ஆளிடமே பூவின் கதையைத் தொடங்கியும் விட்டார். அவர் தலை மறையும் வரை பார்த்திருந்த ஜசிந்தா, மடியில் அடித்த போனை எடுத்தாள்.

"அன்ரி, அப்பாக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையே?" றஜீபன்தான் கேட்டான்.

"ஒண்டும் இல்லை. ஐப்பசியில அவர் கிளினிக்குக்குப் போன நேரம் கிண்டிப் பாத்தனான். போன முறை மாதிரியே பழசு அழுகிப் போய்க் கிடந்தது. நீ அனுப்பின புதுக் கிழங்கைத்தான் நட்டனான். ஏனப்பு, அவரைக் கூப்பிடுறதை நீ விட்டிட்டால் எனக்கு இந்தக் களவு வேலை இல்லையே?"

"இஞ்ச வந்தால் மனுசன் வாடிப்போயிடும், அன்ரி. கூப்பிடாட்டில் மகன் மறந்திட்டான் எண்டு அங்க இருந்து வாடும்" என்றான் றஜீபன். "அதாலதான் வருசா வருசம் நான் கூப்பிடவேணும், வருசா வருசம் நீங்கள் அவரை வெல்லப்பண்ணவேணும்."