பக்கத்தில் இருந்தவன்

“ஒண்ணும் வலிச்சிருக்காது மாமி. நான் பக்கத்துலதானே இருந்தேன்” என்றான் பத்மகுமார், இலையைப் பார்த்தபடி. ஹவில்தார் ஆகி மீசை கனத்துவிட்ட பிறகும், இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் பள்ளிக்கூடப் பையனைப் போல இறங்கிவிடும்.

முத்தாரம்மாள் சாம்பார் வாளியோடு நின்று கேட்டாள். கண் கலங்கவில்லை. மகன் சிபி எல்லையில் சுடப்பட்டுச் செத்த நாளிலிருந்தே அவள் இப்படித்தான். கொடி போர்த்திய பெட்டி வாசலில் வந்து இறங்கியபோதும் சரி, இன்று காலை தெரு முக்கில் கட்டிய ஃப்ளக்ஸில் சிபி படத்துக்குக் கவுன்சிலர் மாலை போட்டபோதும் சரி, ஒரே முகம்தான்.

வருஷந்தோறும் சிபி செத்த இந்த நாளில், எங்கே வேலையில் இருந்தாலும் லீவு போட்டுக்கொண்டு பத்மகுமார் வந்துவிடுவான். சிபியோடு ஒரே பிரிவில் இருந்தவன். வந்ததும் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். இலை போட்டு, சோறு வைத்து, பருப்பு ஊற்றின பிறகுதான், பெற்ற பிள்ளையிடம் போல மெல்லக் கேட்பாள்.

“அன்னைக்கு நடந்ததச் சொல்லு மக்களே.”

அவனும் சொல்வான். காலை ரோந்து. சிபி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தான். ஒரே ஒரு குண்டு. ‘அம்மா’ என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

பக்கத்து இலையில் சிவதாணு உட்கார்ந்திருந்தார். சாலைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மனிதர். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மகன் கதையை எத்தனை தடவை கேட்டாலும் அவருக்கு முதல் தடவை போலத்தான் இருந்தது.

“என் மடியிலதான் கண்ண மூடினான்” என்று பத்மகுமார் முடித்தான். சிவதாணு சோற்றைப் பிசைந்தார். முத்தாரம்மாள் அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

கை கழுவப் பின்கட்டுக்கு வந்தபோது பத்மகுமார் அவரை நிறுத்தினான். “மாமா, இனி எனக்கு வய்ய. மாமி மொகத்தப் பாத்து இனியும் கள்ளம் சொல்ல முடியாது.”

கள்ளம்தான். சிபி செத்த அன்று பத்மகுமார் எல்லையிலேயே இல்லை. லீவில் வந்து பாறசாலையில் தன் வீட்டில் இருந்தான். சேதி கேட்டுத் தைக்காட்டுச் சுடுகாட்டுக்கு ஓடிவந்தவனை ஓரமாகக் கூட்டிப்போய், பக்கத்தில் இருந்ததாகச் சொல்லும்படி கெஞ்சியவர் சிவதாணு.

அவர் என்ன செய்வார்? பெட்டியைத் திறந்து முகத்தைக் காட்டக்கூட முடியாது என்று பட்டாளத்தார் சொல்லிவிட்டார்கள். பெற்றவளோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தாள். மகன் போனதோடு இவளும் போய்விடுவாளோ என்று பயந்துதான் ரோந்து, சிரிப்பு, மடி எல்லாவற்றையும் அவரே கட்டிக் கொடுத்தார். பிறகு அதையே இன்னொருவன் வாயால் கேட்கக் கேட்க, அப்படித்தான் நடந்திருக்கும் என்று அவருக்கும் பாதி தோன்றிவிட்டது.

“உண்மையச் சொன்னா அவ தாங்கமாட்டா டேய்” என்றார். பேரத்தில் மசியாத மனிதர் என்று கடைவீதி முழுக்கப் பேர் வாங்கியவர், ஈரக்கையோடு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புறப்படும்போது முத்தாரம்மாள் வழக்கம்போல எவர்சில்வர் டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து கொடுத்தாள். சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டிப் பொரிப்பது. ரயிலில் எத்தனை நாள் போனாலும் கெடாது. லீவு முடிந்து திரும்புகிறவன் கையில் மற்றப் பையன்களுக்கு வீட்டுப் பலகாரம் கொடுத்துவிடுவது இந்தப் பக்கத்துப் பட்டாளக் குடும்பங்களில் வழக்கம். சிபி போன பிறகும் அவள் அதை விடவில்லை.

டப்பாவை வாங்கிக்கொண்டு அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிவதாணு அவசரமாக முன்னால் வந்தார்.

“அடுத்த வருசமும் வரணும் மக்களே” என்று அவள் முந்திக்கொண்டாள். “வந்து சொல்லணும்.”

அவன் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

உள்ளே வந்த சிவதாணுவுக்கு மனம் ஆறவில்லை. அவனாக வாய்விடும் முன் இதை இத்தோடு முடித்துவிட்டால் நல்லது என்று பட்டது. “கண்ணால பாத்ததத் திருப்பித் திருப்பிச் சொல்ல அவனுக்கும் கஷ்டமா இருக்கும்லா. இனி கேக்க வேண்டாமே” என்றார்.

அவள் சாப்பிட்ட இடத்தைத் துப்புரவு செய்யக் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

“அவன் எங்க பாத்தான்? அப்ப அவன் லீவுல ஊருலதானே இருந்தான். அவன் திரும்பும்போது பலகாரம் குடுத்துவிடுன்னு சிபி எனக்குப் போன் பண்ணினான். நீங்க கடைக்குப் போயிருந்திய. நான் பொரிச்சு டப்பாவுல அடச்சு வச்சேன். மறுநாளு சேதி வந்துட்டு.”

சமையலுக்குக் கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். சிவதாணு அவள் எதிரில் கீழே உட்கார்ந்தார்.

“எல்லாம் தெரிஞ்சும் பின்ன எதுக்கு வருசந்தோறும் அவனச் சொல்லச் சொல்லுகே?”

முத்தாரம்மாள் அவர் சாப்பிட்ட இலையை எடுத்தாள். அதில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

“அதக் கேட்டாத்தானே நீங்க சாப்பிடுதிய.”