சிவப்பு மூடி

ஒரு நோயைப் பற்றிய தன் ஆராய்ச்சிக்கு அந்த நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமென்று பேராசிரியை அற்புதமணி சொன்னதும், முதலில் கை நீட்டியவள் அவருடைய இரண்டாமாண்டு மாணவி ஜெபராணிதான். மேடம் கேட்டால் உயிரையே கொடுப்பாள், ரத்தம் என்ன பெரிது! மாதாமாதம் கொடுத்தாள். நோயாளிகளின் குழாய்க்குச் சிவப்பு மூடி, மற்றவர்களுக்குப் பச்சை. தன் குழாய்களில் அவளே பெயரெழுதிப் பச்சை மூடி போட்டிருந்தாள். இன்று ஃப்ரீசரைத் துடைக்கும்போது பார்த்தால், அவள் கையெழுத்துள்ள குழாய்கள் எல்லாவற்றிலும் சிவப்பு மூடி.

"மேடம், இதை யாரு மாத்துனது?"

"நான்தாம்மா. உனக்கும் அந்த நோய் இருக்குன்னு முதல் மாசமே தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீ மருந்து சாப்பிட ஆரம்பிச்சிருவ. மருந்து கலக்காத ரத்தத்துக்கு அப்புறம் நான் எங்க போவேன்?"

சொல்லிக்கொண்டே, வழக்கமான பரிவோடு, அவளுடைய சுடிதார் கையை மடித்துவிட்டார்.